வளைய நெபுலாவைப் படமெடுக்க: ஆதம்பாக்கம் மாடியா, ஜவ்வாது மலையா, ஹப்பிளின் கோப்பா?

போன தை மாதம் என் அண்ணன் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். நோட்டில் கோடு கிழித்து நான்கு வழிகளை எழுதியிருந்தாள். பெரிய கண்ணாடி உள்ள தொலைநோக்கி வாங்குவது ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் தொலைநோக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. என்னிடம் இருக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவது மூன்றாவது. ஹப்பிள், ஜேம்ஸ் வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் பதிவு செய்த கோப்புகளை இறக்கி வீட்டிலேயே படமாக்குவது நான்காவது. “ஒரு கோள் நெபுலாவின் படம் என் கையால் உருவாக வேண்டும் அத்தை. பணத்தை எதில் போடட்டும்?” என்றாள்.

பதினோரு வருடமாக ஆதம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படமெடுத்து வருகிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். அவளோடு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கோள் நெபுலா என்ற பெயரில் கோள் இருந்தாலும் கோளுக்கும் அதற்கும் உறவில்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது யுரேனசைப் போல வட்டத் தட்டாகத் தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் கடைசிக் காலத்தில் மேலடுக்குகளை உதறிவிடுகிறது. உள்ளே எஞ்சும் சூடான கருவின் புற ஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிர்கிறது. அதுதான் நெபுலா. கரு ஆறி வெண்குறு மீனாகிறது. அப்படிப்பட்ட வெண்குறு மீன் ஏறக்குறைய 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது என்று காட்டிய சுப்பிரமணியன் சந்திரசேகர் படித்தது நம் மெரினா எதிரே நிற்கும் மாநிலக் கல்லூரியில். கோள் நெபுலாக்களில் ஒன்றான வளைய நெபுலாவின் நடுப்புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செங்கல் கட்டடம் நினைவுக்கு வரும்.

இந்த நெபுலாக்களுக்கு ஒரு குணம் உண்டு. நம் முடிவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் கோள் நெபுலா ஒன்றின் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தார். வானவில் போல எல்லா நிறமும் வரவில்லை. சில பளிச்சென்ற கோடுகள் மட்டுமே இருந்தன. அதில் மிகப் பிரகாசமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்துடையது என்று அறுபது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ‘நெபுலியம்’ என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்துவிட்டார்கள். 1927-ல் ஐரா போவன்தான் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார். அதன் அலைநீளம் 500.7 நானோமீட்டர். அதோடு 656.3-ல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, அதை ஒட்டி 658.4-ல் நைட்ரஜன். ஒரு கோள் நெபுலாவின் ஒளியில் பெரும்பகுதி இப்படிச் சில கோடுகளில் அடங்கிவிடுகிறது.

சென்னைக்காரர்களுக்கு இது பெரிய வரம். நம் தெருக்களில் சோடியம் விளக்குகளின் இடத்தை வெள்ளை எல்.இ.டி. பிடித்த பிறகு வானம் முழுக்க வெளிர்ச் சாம்பல். எங்கள் மாடியில் நின்றால் பால்வீதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த விளக்கொளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை பரவிக் கிடக்கிறது. 6 நானோமீட்டர் மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டர் ஒன்றைக் கேமராவின் முன் வைத்தால், ஊர் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியோ பெரும்பாலும் குறையாமல் வரும். ஆண்ட்ரோமீடா போன்ற விண்மீன் திரளுக்கு இந்த உபாயம் கைகொடுக்காது, ஏனென்றால் அதன் ஒளியும் எல்லா நிறத்திலும் பரவியது. நகரத்து மாடியிலிருந்து கௌரவமாகப் படமெடுக்கக்கூடிய தொலைதூரப் பொருள் எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சிறிய, பிரகாசமான கோள் நெபுலாவைத்தான்.

அடுத்தது நுணுக்கம். இங்கேதான் பெரிய கண்ணாடி வாங்கும் யோசனை அடிபட்டுப் போகிறது.

ஒரு டிகிரியில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. யாழ் மண்டலத்தில் இருக்கும் வளைய நெபுலா, அதாவது எம் 57, நீளவாக்கில் 86 விகலைதான். என் தொலைநோக்கி 150 மி.மீ. நியூட்டன் வகை, குவியத் தூரம் 750 மி.மீ. கேமராவின் பிக்சல் 2.9 மைக்ரான். அப்படியானால் ஒரு பிக்சல் 0.8 விகலை. வளையம் 108 பிக்சல் அகலத்தில் விழும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் மாடிக்கு மேலே காற்று சும்மா இருப்பதில்லை. நாளெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இரவெல்லாம் சூட்டைக் கக்கும். நான் அளந்தவரை விண்மீன் ஒன்று சாதாரண இரவில் 3 விகலை அகலத்துக்குப் பரவி விழுகிறது. 86-ஐ 3-ஆல் வகுத்தால் 29. வளையத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நான் உண்மையில் பிரித்துப் பார்ப்பது 29 புள்ளிகள். ஹப்பிள் பிரிப்பது 0.05 விகலை, அதே கணக்கில் 1,700 புள்ளிகளுக்கு மேல்.

கண்ணாடியை இரட்டிப்பாக்கினாலும் அந்த 29 பெரிதாக நகராது. இதற்கு நம் மாவட்டங்களிலேயே சாட்சி இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். அளவில் இரண்டும் ஏறக்குறைய இரட்டையர். ஹப்பிள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், காற்றுக்கு வெளியே இருக்கிறது. காவலூர் காற்றுக்கு அடியில் இருக்கிறது. படத்தின் கூர்மையில் உள்ள இடைவெளிக்கு அந்த ஒரு காரணமே போதும். பெரிய கண்ணாடி அதிக ஒளியைத் திரட்டும், நிறமாலை எடுக்க அது அவசியம். காற்றின் நடுக்கத்தை அது தீர்த்துவைக்காது. ஒரு விநாடிப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, காற்று அசையாமல் நின்ற கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஓரளவு கூர்மை கூடும். பிரகாசமான கோள் நெபுலாவுக்கு அது நல்ல வழி. அதற்கும் பெரிய கண்ணாடி கட்டாயமில்லை. இப்படி முதல் வழியை அவள் நோட்டில் அடித்துவிட்டோம்.

இனி ஹப்பிளின் கோப்புகள். ஒரு ரூபாய் செலவில்லை என்பதாலேயே பலர் இதைத் தாழ்வாக எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹப்பிள், வெப் இரண்டின் பதிவுகளும் ‘மாஸ்ட்’ என்ற காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. எம் 57 என்று தேடி, எஃப்502என், எஃப்656என், எஃப்658என் ஆகிய ஃபில்டர்களின் கோப்புகளை எடுங்கள். முதலாவது ஆக்சிஜன், அடுத்தது ஹைட்ரஜன், மூன்றாவது நைட்ரஜன். இலவச மென்பொருளான சிரில் போதும்.

முதல் கோப்பை அவள் திறந்தபோது திரை முழுக்கக் கறுப்பு. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்தாள். ஒளியளவின் கீழ் முனையை மெல்ல இழுத்து விரித்ததும் வளையம் மேலெழுந்தது, கறுப்பு வெள்ளையில். படத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. அது இரண்டு உணரித் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்து. அங்கங்கே நகத்தால் கீறியது போன்ற வெள்ளைக் கோடுகள். அவை விண்வெளியிலிருந்து உணரியில் வந்து மோதிய காஸ்மிக் கதிர்களின் தடம். அச்சில் வரும் அழகிய படத்தில் இதெல்லாம் துடைக்கப்பட்டிருக்கும். இந்தக் கீறல்களைப் பார்த்த பிறகுதான் ஒரு வானியல் படம் எப்படி உருவாகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டது. நிறங்களும் அப்படியே. எந்த ஃபில்டருக்கு எந்த நிறம் என்பதைப் படமாக்குபவர்தான் தீர்மானிக்கிறார். ஹப்பிளின் புகழ்பெற்ற வளைய நெபுலா படத்தில் நடுவே நீலம் ஹீலியம், பச்சை ஆக்சிஜன், வெளி விளிம்பின் சிவப்பு நைட்ரஜன்.

ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் தனித்தனியே பிரிக்க ஹப்பிளால் முடிகிறது. என் 6 நானோமீட்டர் சிவப்பு ஃபில்டரில் இரண்டும் கலந்தே வரும். மாடியில் எடுத்த சிவப்பு விளிம்பை ‘ஹைட்ரஜன்’ என்று எழுதி ஒட்டுபவர்கள் பெரும்பாலும் நைட்ரஜனைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பை வைத்துப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு வராது.

ஹப்பிளா வெப்பா என்றால், தொடங்குபவர்களுக்கு ஹப்பிள் என்பேன். வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர், படங்கள் பிரமிப்பூட்டும். 2023 ஆகஸ்டில் வெளியான வளைய நெபுலா படங்களில் சுமார் 20,000 அடர்ந்த முடிச்சுகளும், வளையத்துக்கு வெளியே ஏறக்குறைய பத்து வளைவுகளும் தெரிந்தன. ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு ஒன்றாக அந்த வளைவுகள் உருவாகியிருக்க வேண்டும் என்றும், கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு. நம் மாடியில் எந்த ஃபில்டரை மாட்டினாலும் அந்த ஒளியைத் தொட முடியாது. காற்றிலுள்ள நீராவியே பாதி வழியில் விழுங்கிவிடும். ஹப்பிளின் ஆக்சிஜன் கோப்பும் நம் ஆக்சிஜன் ஃபில்டரும் ஒரே ஒளியைப் பார்க்கின்றன. அதனால் ஹப்பிளை வைத்துக் கற்றதை மாடியில் அப்படியே பயன்படுத்தலாம்.

அப்படியானால் கோப்புகளோடு நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். நிறுத்தக்கூடாது, ஹப்பிளுக்கும் ஒரு போதாமை உண்டு. அதன் இப்போதைய முதன்மைக் கேமராவின் பார்வை ஒரு பக்கத்துக்குச் சுமார் 160 விகலைதான். எம் 57 அதில் அடங்கும். 8 கலை அகலமுள்ள டம்பெல் நெபுலா அடங்காது. முழுநிலவின் பாதிக்கு மேல் அகலமான ஹீலிக்ஸ் என்ற கோள் நெபுலா பக்கத்திலேயே வராது. 2002 நவம்பரில் லியோனிட் எரிகல் மழை வந்தபோது, துகள் பட்டுவிடாமலிருக்க ஹப்பிள் தன் கண்ணாடியை எதிர்த்திசைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திசையில் ஹீலிக்ஸ் இருந்தது. அந்த நேரத்தை வீணாக்காமல் துண்டு துண்டாகப் படமெடுத்தார்கள். அப்படியும் முழு உருவம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் கிட் பீக் மலையில் இருந்த 0.9 மீட்டர் தொலைநோக்கியின் அகலப் படத்தோடு சேர்த்த பிறகே 2003-ல் வெளியிட்டார்கள். 2013-ல் வெளியான வளைய நெபுலா படமும் அப்படித்தான்: உள்ளே ஹப்பிள், வெளியே பரந்து கிடக்கும் மங்கலான ஒளிவட்டத்துக்கு அரிசோனாவின் பெரிய இரட்டைத் தொலைநோக்கி. இவ்வளவு ஏன், அன்னப் பறவை மண்டலத்தில் சோப்புக் குமிழி போன்ற ஒரு கோள் நெபுலா இருப்பதை 2008-ல் டேவ் ஜுராசெவிச் தரையிலிருந்து எடுத்த படத்தில்தான் கண்டார். அகலமாகவும் பொறுமையாகவும் பார்ப்பதில் தரைக்குத் தனி மதிப்பு உண்டு.

மாடிக்கு வருவோம். நம் கஷ்டம் பருவம். வளைய நெபுலா மாலையில் உச்சிக்கு வருவது ஆடியிலிருந்து புரட்டாசி வரை; அப்போது சென்னையில் மேகம். பிறகு வடகிழக்குப் பருவமழை. ஆகவே அதைச் சித்திரை விடியற்காலையில் பிடிக்க வேண்டும். வடக்கே 70 டிகிரி உயரத்தில் நிற்கும். மாலையில் படமெடுக்க விரும்புபவர்கள் மாசியில் மிதுன ராசியில் இருக்கும் என்.ஜி.சி. 2392 என்ற பட்டியல் எண் கொண்ட கோள் நெபுலாவைத் தேர்ந்தெடுக்கலாம், ஒன்பதரை மணியளவில் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வரும். பங்குனியில் என்.ஜி.சி. 3242. அதே மாதம் தெற்கே 36 டிகிரி உயரத்தில் என்.ஜி.சி. 3132, அதாவது தென் வளைய நெபுலா. 2022 ஜூலையில் வெப் வெளியிட்ட முதல் படங்களில் அதுவும் ஒன்று. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சித்திரையில் ஒரு விடியற்காலை அவளோடு மாடியில் இருந்தேன். இரண்டு நிமிடப் படங்களாக ஆக்சிஜன் ஃபில்டரில் எடுத்துக்கொண்டிருந்தோம். நாலரை மணிக்கு அடுத்த குடியிருப்பின் மோட்டார் ஓடத் தொடங்கியது. அவர்கள் சுவரும் எங்கள் சுவரும் ஒட்டியவை. அடுத்து விழுந்த படத்தில் விண்மீன்கள் எல்லாம் அரிசி மணி போல நீண்டிருந்தன. மோட்டார் தினமும் இருபது நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் தொலைநோக்கியின் மூடியைப் போட்டு இருட்டுப் படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினேன். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்கு எப்படியும் அவை தேவை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் கோடு சில படங்களில் விழும். நிறையப் படங்களை அடுக்கினால் மென்பொருள் அவற்றைத் தள்ளிவிடும். தை மாதத்தில் கண்ணாடி வியர்க்கும், அதற்குச் சூடேற்றும் பட்டை ஒன்று கட்டாயம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கண்ணாடிப் பூச்சை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவைக்க வேண்டும்.

ஜவ்வாது மலை இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இருட்டு அங்கே உண்மையான இருட்டு. வளைய நெபுலாவுக்காக அங்கே போக வேண்டாம். ஃபில்டரோடு மாடியிலேயே கிடைக்கும். டம்பெல் நெபுலாவைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டம் போன்றவற்றுக்குத்தான் மலை. சித்திரை அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு ஒதுக்குங்கள். மின்சாரத்துக்கு பேட்டரி, துணைக்கு ஆள், தங்க இடம் எல்லாவற்றையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் மட்டும் போவதாக இருந்தால் உள்ளூரில் தெரிந்தவர்கள் இருக்கும் ஊராகப் பாருங்கள்.

வாடகைத் தொலைநோக்கியை ஒரே ஒரு காரியத்துக்குச் சிபாரிசு செய்வேன்: ஹீலிக்ஸ். அது நமக்கு மாலையில் நன்றாக உயரும் ஐப்பசியில் சென்னை மழையில் நனைந்துகொண்டிருக்கும். டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் இருட்டிய பிறகு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் உண்டு. சிலியிலோ ஆஸ்திரேலியாவிலோ அதே ஐப்பசியில் அது ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். நான்கைந்து மணி நேரம் எடுத்தால் போதும். மற்ற நெபுலாக்களுக்கு வாடகை கொடுப்பதில் எனக்கு மனமில்லை. ஹப்பிளின் கூர்மையும் கிடைக்காது, கருவியைக் கையாளும் பழக்கமும் வராது.

கடைசியில் அவள் பணத்தைப் பிரித்த விதம் இது. பெரும்பங்கு இரண்டு குறும்பட்டை ஃபில்டர்களுக்கு, ஆக்சிஜனுக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கு ஒன்று. மலிவான அகலப்பட்டை ஃபில்டரை வாங்கிவிடாதே என்று மட்டும் வற்புறுத்தினேன். சூடேற்றும் பட்டைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்குக்கும் கொஞ்சம். ஐப்பசி வாடகைக்கு ஒரு தொகை தனியே. தொலைநோக்கி என்னுடையதே. பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு மாதம் ஹப்பிள் கோப்புகளில் மட்டும் வேலை செய்தாள்.

நான்கு விடியற்காலைகளில் சேர்த்த ஆக்சிஜன் படங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு வந்தன. அடுக்கி முடித்து, ஹப்பிளின் ஆக்சிஜன் கோப்பின் மேல் அதை வைத்து, பக்கத்து விண்மீன்களை வைத்துத் திருப்பிப் பொருத்தினாள். தன் படத்தில் வளையத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருப்பதைக் காற்றின் குறை என்று நினைத்திருந்தாள். கீழே இருந்த கோப்பில் அதே இடத்தில் இழையிழையாக அடர்ந்த வாயு இருந்தது. மேலடுக்கை மறைத்தும் காட்டியும் பத்து முறையாவது பார்த்திருப்பாள். பிறகு நோட்டை எடுத்து, ஐப்பசி அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் தேடத் தொடங்கினாள்.